பழைய இரும்பில் பிறந்த பந்தயக் கார்கள்

மோட்டார் பந்தயம் என்றாலே அது சீமான்களின் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் பெரும்பகுதி உண்மையே. ஒரு பந்தயக் காரை வாங்குவதற்கும், பழுது பார்ப்பதற்கும், ஊர் ஊராகக் கொண்டு செல்வதற்கும் ஆகும் செலவு, மாதச் சம்பளக்காரர் எவரும் எட்டிப் பிடிக்கக் கூடியதல்ல.

ஆனால் இதே விளையாட்டில் மாதச் சம்பளக்காரர்களுக்கென்றே ஒரு தனி வகுப்பை ஏற்படுத்தி, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கட்டிக்காத்து வரும் சங்கம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. '750 மோட்டார் கிளப்' என்பது அதன் பெயர். அது நடத்தும் '750 பார்முலா' இன்றும் நடைபெற்று வரும் மிகப் பழமையான பந்தய வகுப்புகளில் ஒன்று. பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய கார்களை வைத்துத் தொடங்கிய இந்தப் பந்தயத்திலும் அதன் கிளைகளிலும் கை பழகியவர்கள், பிற்காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய பந்தயங்களை வென்ற கார்களை உருவாக்கினார்கள் என்பது வியப்பான வரலாறு.

குட்டிக் கார்

இந்தக் கதை 1922-இல் தொடங்குகிறது. சர் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்ற பிரிட்டிஷ் மோட்டார் உற்பத்தியாளர், சைடுகார் பொருத்திய மோட்டார் சைக்கிளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்து போகிற நடுத்தர வகுப்பாருக்காக ஒரு சிறிய காரைச் செய்ய நினைத்தார். அவருடைய கம்பெனி அப்போது நிதி நெருக்கடியில் இருந்தது. மற்ற டைரக்டர்களுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. ஆஸ்டின் மனம் தளரவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைபடக்காரரைத் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்து, பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார்த்தி, காரின் வரைபடங்களைப் போடச் செய்தார்.

அப்படிப் பிறந்ததுதான் 'ஆஸ்டின் செவன்'. அதன் முதல் விலை 165 பவுன். எஞ்சினின் கொள்ளளவு தொடக்கத்தில் 696 சி.சி.யாகவும், விரைவிலேயே 747 சி.சி.யாகவும் இருந்தது. நான்கு சிலிண்டர்கள், சுமார் பத்துக் குதிரைச் சக்தி. காரின் அடிச்சட்டம் ஆங்கில எழுத்து 'ஏ' போன்ற வடிவில், இரண்டு இரும்புத் தண்டுகளை முன்புறம் கூட்டி வைத்தது போல அமைந்திருந்தது. ஓரளவு கைவேலை தெரிந்தவர் எவரும் இதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டி விடலாம்.

1939-இல் உற்பத்தி நிற்பதற்குள் சுமார் 2,90,000 கார்கள் வெளிவந்தன. ஜெர்மனியில் இதன் உரிமத்தைப் பெற்றுச் செய்யப்பட்ட 'டிக்ஸி' என்ற கார்தான், அந்தத் தொழிற்சாலையை 1928-இல் விலைக்கு வாங்கிய பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் முதல் கார் ஆயிற்று.

போருக்கு முன், போருக்குப் பின்

போருக்கு முன்பு இங்கிலாந்தில் கார்ப் பந்தயம் என்றால் அது லண்டனுக்கு அருகிலுள்ள புரூக்லண்ட்ஸ் மைதானந்தான். 1907-இல் கட்டப்பட்ட அந்த மைதானத்தார், தங்களிடம் வருவது தகுதியான கூட்டம், நெரிசலுக்கு இடமில்லை என்று பெருமையாக விளம்பரம் செய்து வந்தார்கள். யாரை அழைத்தார்கள், யாரைத் தள்ளி வைத்தார்கள் என்பது அந்த விளம்பரத்திலேயே விளங்கும்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1939-இல், ஆஸ்டின் செவன் வைத்திருந்த சிலர் ஒன்றுகூடி 750 கிளப்பைத் தொடங்கினார்கள். 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய பில் பாடி இதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர். சங்கம் பிறந்த அதே ஆண்டில் போர் மூண்டது. புரூக்லண்ட்ஸ் மைதானம் விமானத் தொழிற்சாலையின் வசமாகி, பந்தயங்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

போர் முடிந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. புதிய கார் வாங்க முடியாது. செய்யப்படுபவற்றில் பெரும்பகுதி டாலர் சம்பாதிக்க வெளிநாட்டுக்குப் போயிற்று. பெட்ரோலுக்கு ரேஷன், அந்த ரேஷன் 1950-இல்தான் நீங்கியது. ஆனால் இரண்டு பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்று, விமானப் படை காலி செய்துவிட்டுப் போன ஓடுதளங்கள். சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948-இல் இப்படித்தான் பந்தயத் திடல்களாயின. மற்றொன்று, போருக்கு முந்தைய ஆஸ்டின் செவன் கார்கள். உடல் துருப்பிடித்துப் போனாலும் எஞ்சினும் சட்டமும் நன்றாக இருந்த கார்கள் நாடெங்கும் கொட்டகைகளில் கிடந்தன.

ஓடுதளமும் இருக்கிறது, பழைய காரும் இருக்கிறது. இவை இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு விதிப் புத்தகந்தான் தேவைப்பட்டது.

சட்டம் வகுத்தவர்கள்

அந்த விதிகளை 750 கிளப் 1949-இல் வகுத்தது. அக்காலத்தில் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் ஹாலண்ட் பர்க்கெட். ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த இவர் தொழிலால் கால்நடை மருத்துவர்.

விதிகளின் சாரம் இதுதான்: காரின் அடிச்சட்டம், எஞ்சின், பின் அச்சு ஆகியவை ஆஸ்டின் செவனைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். காற்றை அழுத்திச் செலுத்திச் சக்தியைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் கூடாது. கார் இரண்டு இருக்கைகள் கொண்டதாக, சாலையில் ஓட்டக் கூடியதாக இருக்க வேண்டும். இவற்றுக்குள் அடங்கி, அவரவர் மூளைக்கும் கைக்கும் எட்டியதைச் செய்து கொள்ளலாம்.

விலையுயர்ந்த எஞ்சினைப் பணக்காரர் வாங்கி வந்து பூட்டிவிட்டால் மற்றவர்கள் எப்படிப் போட்டியிடுவது? அதற்கு இடமே இல்லாமல், எல்லோரும் ஒரே மலிவான பழைய பொருளிலிருந்து தொடங்கும்படி செய்ததுதான் இந்த விதிகளின் சூட்சுமம். பணம் தோற்கும் இடத்தில் யோசனை ஜெயிக்க வாய்ப்புண்டு.

வாரம் முழுவதும் ஆபீசிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துவிட்டு, இரவு நேரங்களில் வீட்டுக் கொட்டகையில் காரைக் கட்டினார்கள். பந்தய நாளன்று அதே காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போய், முன் விளக்குகளையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்தில் ஓடி, மறுபடி பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

சங்கத்தின் பத்திரிகையான 'புல்லட்டின்' இந்தத் தோழர்களுக்குப் பாடப் புத்தகமாக இருந்தது. வால்வு ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது, முன் அச்சை எப்படித் தாழ்த்துவது என்று தாங்கள் கண்டறிந்ததை உறுப்பினர்கள் அதில் எழுதினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் பேர் பெற்ற கார்களில் ஒன்று ஜாக் பிரெஞ்ச் என்பவர் கட்டியது. அதற்கு அவர் இட்ட பெயர் 'சிம்பிளிசிட்டி', அதாவது எளிமை. அந்த வகுப்பின் கொள்கையையே காரின் பெயராக வைத்து விட்டார் எனலாம்.

1951-இல் பர்க்கெட்டின் சங்கம் சில்வர்ஸ்டோனில் ஆறு மணி நேரத் தொடர் ஓட்டப் பந்தயம் ஒன்றையும் தொடங்கியது. தனி ஆளாக ஆறு மணி நேரம் காரை ஓட்டினால் கார் தாங்காது. ஆகவே பல கார்கள் ஓர் அணியாகச் சேர்ந்து, ஒன்று களைத்தால் அடுத்தது தொடர்வது என ஏற்பாடு. வேகமான காருக்கும் மெதுவான காருக்கும் சமவாய்ப்புக் கிடைக்கும்படி முன்னோட்டச் சலுகையும் உண்டு. 1963-இல் பர்க்கெட் விமான விபத்தில் இறந்த பிறகு, அந்தப் பந்தயத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஒரு தகட்டின் மகிமை

750 பார்முலாவில் யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகுக்குக் காட்டியவர் காலின் சாப்மன். லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்துக் கொண்டிருந்த சாப்மன், கைச் செலவுக்காக நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். 1947-இல் அரசாங்கம் சொந்தக் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் ரேஷனை ரத்து செய்தது. பழைய கார்களின் விலை ஒரேயடியாக விழுந்தது. கையிலிருந்தவற்றை நஷ்டத்துக்கு விற்ற பின்பும் 1928-ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் ஒன்று விலைபோகாமல் தங்கிவிட்டது.

விற்காத அந்தக் காரைச் சாப்மன் பிரித்துப் போட்டார். பின்னாளில் தமக்கு மனைவியான ஹேசல் வில்லியம்சின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், ஒட்டுப் பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு அதற்குப் புதிய உடலைக் கட்டினார். 1948-இல் உருவான அந்தக் காரே முதல் 'லோட்டஸ்'.

1951-இல் 750 பார்முலாவுக்காகவே மைக்கேல் ஆலன், நைஜல் ஆலன் சகோதரர்களுடன் சேர்ந்து மூன்றாவது லோட்டஸைச் செய்தார். ஆஸ்டின் எஞ்சினில் ஒரு பிறவிக் குறை உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து எரிகலவை நுழையும் வாயில்கள் இரண்டே. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பங்கு போட்டுக் கொள்வதால், ஒன்றுக்குப் போக வேண்டிய கலவையை மற்றொன்று பிடுங்கிக் கொள்ளும். இரண்டு வீட்டுக்கு ஒரே தெருக் குழாய் இருப்பது போல.

எஞ்சின் பிளாக்கை மாற்ற விதி இடம் தராது. சாப்மன் பிளாக்கைத் தொடவில்லை. கலவை வரும் குழாயின் நடுவே ஒரு தகட்டைத் தடுப்பாக வைத்து, அதை வாயிலுக்குள்ளேயும் நீளச் செய்தார். அவ்வளவுதான். இரண்டு வாயில்கள் நான்காகி விட்டன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பங்கு கிடைத்தது. அந்த ஆண்டு அவரது கார் மற்றக் கார்களை அனாயாசமாகப் பின்தள்ளியது.

சங்கம் என்ன செய்தது? சாப்மனைப் பாராட்டியது, கையோடு அந்த உத்தியைத் தடை செய்தது! இதில் அநியாயம் ஏதுமில்லை. அப்படியே விட்டிருந்தால், மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் எஞ்சின்களைப் பிரித்து அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். முடியாதவர்கள் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். புத்திசாலியை ஊக்குவிக்கவும் வேண்டும், அவரால் மற்றவர்களின் செலவு ஏறாமல் பார்த்துக் கொள்ளவும் வேண்டும். மலிவுப் பந்தயம் நடத்துகிற எந்தச் சங்கத்துக்கும் தீராத தலைவலி இது.

சாப்மன் அதோடு நிற்கவில்லை. 1952 ஜனவரி முதல் தேதி, ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுனைக் கொண்டு லோட்டஸ் என்ஜினீயரிங் கம்பெனியைத் தொடங்கினார். முழுக் காருக்கு அரசாங்கம் கொள்முதல் வரி வசூலித்தது. தனித்தனிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக் கொண்டால் வரியில்லை. ஆகவே தம் கார்களைப் பாகங்களாகவே விற்றார். 1957-இல் வெளிவந்த 'லோட்டஸ் செவன்' இந்த முறையில் ஏழை ரசிகர்களின் வீடு தேடிச் சென்றது. பிற்காலத்தில் லோட்டஸ் அணி 7 முறை உலகக் கார் உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது.

ஒரே பள்ளி மாணவர்கள்

ஆஸ்டின் எஞ்சினைவிடச் சற்றுப் பெரியது வேண்டும் என்று கேட்டவர்களுக்காகச் சங்கம் 1953-இல் இன்னொரு வகுப்பைத் தொடங்கியது. போர்டு கம்பெனியின் சாதாரணக் குடும்பக் கார்களில் வந்த 1172 சி.சி. எஞ்சின் இதற்கு ஆதாரம். இதுவும் பழைய கார்ச் சந்தையில் தாராளமாகக் கிடைத்த பொருளே.

இந்த வகுப்புக்காக 1956-இல், கட்டடத் தொழிலில் வேலை பார்த்து வந்த எரிக் பிராட்லி என்பவர் தம் உறவினர் கிரகாமுடன் சேர்ந்து ஒரு காரைக் கட்டினார். அது நன்றாக ஓடவே, இரண்டு ஆண்டுகளில் 'லோலா' என்ற பெயரில் சொந்தமாகக் கார் செய்யத் தொடங்கிவிட்டார். 1963-இல் பெராரி கம்பெனியை விலைக்கு வாங்கும் முயற்சியில் தோற்றுப் போன அமெரிக்க போர்டு கம்பெனி, பெராரியை முறியடிக்கத் தானே ஒரு கார் செய்யத் தீர்மானித்தபோது, முன்மாதிரியாக எடுத்துக் கொண்டது இந்தப் பிராட்லியின் லோலா காரைத்தான். அதிலிருந்து வளர்ந்த 'ஜி.டி. 40' கார், பிரான்ஸில் நடக்கும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1966 முதல் 1969 வரை தொடர்ந்து 4 ஆண்டுகள் வென்றது.

அதே 1172 வகுப்பில் 'டெரியர்' என்ற காரைச் செய்தவர் லென் டெரி. 1959-இல் பிரையன் ஹார்ட் ஓட்டிய அந்தக் கார், சாப்மனின் லோட்டஸ் கார்களையே தோற்கடித்து வெற்றிமேல் வெற்றி குவித்தது. பின்னர் டெரி லோட்டஸிலேயே பணியாற்றி, 'லோட்டஸ் 38' காரை வடிவமைத்தார். 1965-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தை ஜிம் கிளார்க் வென்றது அந்தக் காரில்தான். மறு ஆண்டு, 1966-இல், அதே பந்தயத்தைக் கிரகாம் ஹில் வென்றார். அவர் ஓட்டியது பிராட்லியின் லோலா.

உலகத்தின் மிகச் செல்வச் செழிப்பான பந்தயத்தை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வென்ற இரண்டு கார்களும், பழைய குடும்பக் கார் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிப் பாடம் கற்றவர்களின் படைப்புகள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 'லோட்டஸ் 49', 'லோட்டஸ் 72' ஆகிய புகழ்பெற்ற கார்களின் வடிவமைப்பில் சாப்மனுக்குத் துணை நின்ற மாரிஸ் பிலிப்பும் 1172 வகுப்புக்காகச் சொந்தத்தில் கார் கட்டியவரே. ஆஸ்டின் செவன்களுக்கு உதிரிப் பாகங்கள் விற்று வந்த ஜெம் மார்ஷ், பிராங்க் காஸ்டினுடன் சேர்ந்து 1959-இல் தொடங்கியதுதான் 'மார்கோஸ்' கம்பெனி.

இவ்வளவு பேர் ஒரே இடத்திலிருந்து கிளம்பியது எப்படி? பணம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் சக்தி போதவில்லை என்றால் பெரிய எஞ்சினை வாங்கி மாட்டி விடலாம். 750 வகுப்பில் அது நடக்காது. 10 குதிரைச் சக்தி எஞ்சினை வைத்துக்கொண்டு வேகமாகப் போக வேண்டுமானால், காரின் எடையைக் குறைக்க வேண்டும். வளைவில் வேகத்தை இழக்காமல் இருக்க ஸ்பிரிங்குகளைச் சீர்செய்ய வேண்டும். காற்றைக் கிழித்துப் போகும்படி உடலை வடிக்க வேண்டும். பணமில்லாத குறையே அவர்களைச் சரியான கேள்விகளைக் கேட்க வைத்தது.

மேஜரின் 'நீயும்'

சாப்மன் போல வெளியேறிப் பெரிய இடத்துக்குப் போனவர்கள் ஒருபுறம். கடைசிவரை எளிய பந்தயத்தையே தம் உலகமாகக் கொண்டவர் ஆர்தர் மாலக். ராணுவத்தில் மேஜராக இருந்த இவர், ஆஸ்டின் செவனில் தொடங்கி, 1950-களின் இறுதியிலிருந்து 'யு 2' என்ற பெயரில் கார்கள் செய்தார். ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னால் 'நீயும்தான்' என்று பொருள்படும். நீயும் பந்தயத்தில் ஓட்டலாம் என்ற அழைப்பே பெயராயிற்று.

லோட்டஸ் செவன், மாலக் யு 2 போன்ற கார்களுக்கென்று 1965-இல் 'கிளப்மன்ஸ்' என்ற ஸ்போர்ட்ஸ் கார் வகுப்பு தோன்றியது. அந்த நேரத்தில் பந்தய உலகம் முழுவதும் எஞ்சினைக் காரோட்டிக்குப் பின்னால் வைக்கும் முறைக்கு மாறிவிட்டது. எஞ்சினை முன்னால் வைப்பது பழைய பஞ்சாங்கம் என்று கருதப்பட்டது. ஆனால் முன்னால் வைத்தால் சாதாரணக் காரின் கியர்ப் பெட்டியையும் பின் அச்சையும் அப்படியே பயன்படுத்தலாம், செலவு குறையும். மாலக் கடைசிவரை இந்த முறையை விடவில்லை. எல்லோரும் ஒதுக்கிய முழு அச்சையே செப்பனிட்டுச் செப்பனிட்டு, வளைவுகளில் விலையுயர்ந்த கார்களுக்கு ஈடுகொடுக்கச் செய்தார். பிற்காலத்தில் உலக மோட்டார் பந்தய சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய மேக்ஸ் மாஸ்லி, இளமையில் பந்தயம் ஓட்டத் தொடங்கியது ஒரு மாலக் காரில்தான்.

பாகங்கள் தீர்ந்தபோது

எந்தப் பழைய பொருளும் ஒரு நாள் தீர்ந்துதான் போகும். 1960-இல் பிரிட்டனில் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. ஆயிரக்கணக்கான ஆஸ்டின் செவன்கள் சாலையிலிருந்து நீங்கின. எஞ்சியிருந்தவற்றைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேட ஆரம்பித்தார்கள், விலை ஏறியது. ஏழைகளின் கார் என்ற காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கார், ஏழைகளுக்கு எட்டாத பொருளாகிவிடும் போலிருந்தது.

இங்கேதான் சங்கத்துக்குச் சோதனை வந்தது. பெயரைக் காப்பதா, நோக்கத்தைக் காப்பதா? சங்கம் நோக்கத்தைக் காத்தது. ஆஸ்டின் செவனை நேசிப்பவர்களுக்குத் தனிப் பந்தயங்களை ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, 750 பார்முலாவில் ரிலையன்ட் எஞ்சினுக்கு இடமளித்தது.

ரிலையன்ட் என்பது டாம்வொர்த் நகரில் மூன்று சக்கரக் கார்கள் செய்து வந்த கம்பெனி. 1939-இல் ஆஸ்டின் செவன் எஞ்சின் நின்றபோது, அதன் உரிமையைப் பெற்று அதே எஞ்சினைத் தானே செய்து வந்தது இந்தக் கம்பெனி. 1962-இல் அதற்குப் பதிலாக முற்றிலும் அலுமினியத்தால் ஆன புதிய சிறு எஞ்சினைக் கொண்டு வந்தது. ஆகவே ஆஸ்டினின் இடத்துக்கு வந்தது அன்னிய எஞ்சின் என்று சொல்வதற்கில்லை. வாரிசு என்றே சொல்லலாம்.

அந்த ரிலையன்ட் கம்பெனியும் புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் உற்பத்தியைக் கைவிட்டது. மறுபடியும் சங்கம் பழைய கார்ச் சந்தையை நோட்டமிட்டது. இப்போது 750 பார்முலாவில் ஓடுவது இத்தாலியின் ஃபியட் கம்பெனி சிறு கார்களுக்காகச் செய்த 1108 சி.சி. எஞ்சின். வகுப்பின் பெயரில் 750 இருக்கிறது, எஞ்சினில் இல்லை. மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிற எஞ்சின் எதுவோ அதுவே எங்கள் எஞ்சின் என்ற கொள்கை மட்டும் மாறவில்லை.

இரண்டு வழிகள்

செலவைக் கட்டுப்படுத்த அமெரிக்கர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். 1980-களின் நடுவில் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப், ரெனால்ட் எஞ்சின் பொருத்திய ஒரே மாதிரியான பந்தயக் கார்களைத் தன் உறுப்பினர்களுக்கு விற்கத் தொடங்கியது. எஞ்சினுக்கு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். சொந்தக்காரர் அதைத் திறக்கக் கூடாது. 1994 முதல் அதில் போர்டு எஞ்சின் இடம் பெற்றது. அங்கே போட்டி காரோட்டிகளின் திறமைக்கு மட்டுமே. செலவு கட்டுக்குள் நிற்கும். யார் நல்ல ஓட்டி என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். ஆனால் எஞ்சினைத் திறக்கக் கூடாத வகுப்பிலிருந்து ஒரு சாப்மனோ பிராட்லியோ வர முடியாது. 750 கிளப்பின் வழியில் வாக்குவாதம் அதிகம், விதிகளை அடிக்கடி திருத்த வேண்டும். ஆனால் ஓட்டுகிறவனே பொறியாளனாகவும் வளர்கிறான்.

நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று, சில்வர்ஸ்டோன் போலவே, பந்தயத் திடலாயிற்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்கச் சிலருக்கே முடிந்த அந்நாளில், கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் உள்நாட்டில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே பந்தயக் கார்கள் கட்டினார். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய 'பார்முலா மாருதி' ஒற்றை இருக்கைக் கார்தான் என்றாலும், அதன் தத்துவம் 750 கிளப்பின் தத்துவமே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். பார்முலா மாருதியில் ஓடத் தொடங்கிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

திறந்திருக்கும் கதவு

1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேய ஆசிரியர், 250 பவுனில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்ற தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். பழைய போர்டு எஸ்கார்ட் காரின் பாகங்களைக் கொண்டு, லோட்டஸ் செவன் போன்ற ஒரு காரைக் கட்டும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. 'லோகாஸ்ட்' என்று பெயர் பெற்ற அந்தக் கார்களுக்கும் 750 மோட்டார் கிளப்பே தனிப் பந்தய வகுப்பை அமைத்துத் தந்தது. ஆஸ்டின் செவனிலிருந்து லோட்டஸ், லோட்டஸிலிருந்து லோகாஸ்ட் என்று வட்டம் முழுமையாயிற்று.

இனி வரும் காலத்தில் இந்த வகுப்புகளுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. இன்றையக் கார்களில் எஞ்சினைக் கம்ப்யூட்டர் ஆள்கிறது. பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம் வருகிறது. ஸ்பானரும் சுத்தியலும் போதும் என்றிருந்த நிலை மாறி வருகிறது. நாளைய பழைய கார்ச் சந்தையில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கப் போவது எது, அதை வீட்டுக் கொட்டகையில் ஒரு தொழிலாளி பிரித்துப் பார்க்க முடியுமா என்பதைப் பொறுத்தே இந்தப் பந்தயத்தின் எதிர்காலம் அமையும்.

ஆஸ்டின் போனபோது ரிலையன்ட்டுக்கும், ரிலையன்ட் போனபோது ஃபியட்டுக்கும் மாறிய சங்கம் இது. மறுபடியும் ஒரு முறை அது தன் விதிப் புத்தகத்தைத் திறந்து, புதிய வரிகளை எழுதத்தான் வேண்டியிருக்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடும், மண்டை நிறைய யோசனையோடும் வாசலில் வந்து நிற்கிற இளைஞன் உள்ளே வர முடிகிற வரையில், அந்த வரிகள் எந்த எஞ்சினைக் குறிப்பிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.